பழைய பதிவேட்டில் விழுந்த ஏப்ரல் பதிவுகள்: எக்செல் பொத்தான்களில் மேக்ரோ இணைப்பது குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நூலிழை மொத்த வணிகம் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில், மார்ச் 31 அன்று முடிந்த நிதியாண்டின் இறுதி இருப்பு, அச்சிட்டுத் தணிக்கையாளரிடம் கொடுத்த பின்னரும் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. முடிந்துபோன ஆண்டின் பதிவேட்டில் தாங்கள் கைவைக்கவில்லை என்று கணக்குப் பிரிவினர் உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் அறிந்த வரையில் அது உண்மையும்கூட. அதே நாள்களில் கிடங்கிலிருந்த கணினியில் வேறொரு தொல்லை தொடங்கியிருந்தது. புதிய ஆண்டுக்கான எக்செல் கோப்பில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும், மேக்ரோவை, அதாவது வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரலை, இயக்க முடியவில்லை என்ற செய்திப் பெட்டிதான் வந்தது. இரண்டும் தொடர்பில்லாத சிக்கல்கள் என்று கருதப்பட்டு, முதலாவது கணக்கரின் தலையிலும் இரண்டாவது கணினி பழுது பார்ப்பவரின் தலையிலும் விழுந்தன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஏப்ரல் 1 அன்று புதிய கோப்பை உருவாக்கிய விதம். அது எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு கண்டறியப்பட்டது, என்ன மாற்றப்பட்டது என்பவற்றை இந்த ஆய்வு விவரிக்கிறது. ஊழியர்களின் பெயர்களும் நிறுவனத்தின் பெயரும் விடப்பட்டுள்ளன.

கோப்பின் அமைப்பு

கிடங்குக்கு வரும் நூலையும் அங்கிருந்து வெளியே போகும் நூலையும் பதிவுசெய்வதற்காக உருவாக்கப்பட்ட அந்தக் கோப்பில் மூன்று தாள்கள் இருந்தன. ‘நுழைவு’ என்ற தாளில் சீட்டுத் தேதி, பார்ட்டியின் பெயர், நூலின் பருமனைக் குறிக்கும் எண்ணான கவுண்ட், பைகளின் எண்ணிக்கை, எடை, லாரி எண் ஆகியவற்றை நிரப்புவார்கள். ‘பதிவேடு’ என்ற தாளில் ஒவ்வொரு சீட்டும் ஒரு வரியாகச் சேரும். ‘இருப்பு’ என்ற தாள், பதிவேட்டைக் கவுண்ட் வாரியாகக் கூட்டிக் கையிருப்பைக் காட்டும். நுழைவுத் தாளின் மேற்புறத்தில் முனை மழுங்கிய நான்கு செவ்வகங்கள் வண்ணமிட்டு வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ‘பதிவு செய்’, ‘அச்சிடு’, ‘துடை’, ‘இருப்பு’ என்று எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு மேக்ரோ இணைக்கப்பட்டிருந்தது.

எக்செல்லில் அழுத்தினால் மேக்ரோ இயங்கும் பொருளை வைப்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, டெவலப்பர் டேபில் இன்சர்ட் என்பதன் கீழுள்ள ஃபார்ம் கன்ட்ரோல் வகைப் பொத்தான். அதைத் தாளில் வரைந்தவுடனேயே எந்த மேக்ரோவை இணைப்பது என்று எக்செல் கேட்கும். இரண்டாவது, அதே பட்டியலின் கீழ்ப்பாதியில் உள்ள ஆக்டிவ்எக்ஸ் பொத்தான். இதற்கு அசைன் மேக்ரோ என்ற கட்டளையே கிடையாது. பொத்தானின் கிளிக் நிகழ்வுக்கான நிரலை அந்தத் தாளுக்குரிய நிரல் பகுதியிலேயே எழுத வேண்டும். மூன்றாவது, இன்சர்ட் டேபில் கிடைக்கும் செவ்வகம், அம்பு, படம் போன்ற எந்த வடிவமும். அதன்மேல் வலது கிளிக் செய்து அசைன் மேக்ரோவைத் தேர்ந்தெடுத்தால், சாதாரணச் செவ்வகமும் பொத்தானாகிவிடும்.

இந்தக் கோப்பை முதலில் எழுதியவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்ததற்குத் தமிழில் வேலை செய்பவர்கள் நன்கறிந்த ஒரு காரணம் இருந்தது. எக்செல் தாள்கள் யூனிகோடில் இயங்குபவை. கட்டங்களிலும் தாள் பெயர்களிலும் வடிவங்களின்மேல் எழுதும் எழுத்திலும் தமிழ் சரியாக வரும். ஆனால் மேக்ரோ எழுதும் விஷுவல் பேசிக் எடிட்டர் யூனிகோடை ஏற்பதில்லை. அதில் தமிழை ஒட்டினால் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். ஆக்டிவ்எக்ஸ் பொத்தானின் மேலெழுத்தை அந்த எடிட்டரைச் சேர்ந்த ப்ராபர்ட்டீஸ் பெட்டியில் அமைப்பதே வழக்கம் என்பதால், அங்கும் அதே தடை. தமிழ்ப் பெயர் தாங்கிய பொத்தான் வேண்டுமென்றால் வடிவம் எளிய வழி.

இதே தடை நிரலுக்குள்ளும் ஒரு முடிவை எடுக்க வைத்தது. தாளின் பெயர் ‘பதிவேடு’ என்று தமிழில் இருந்ததால், நிரலில் அந்தப் பெயரை மேற்கோளுக்குள் எழுதித் தாளைக் குறிப்பிட முடியவில்லை. ஆகவே எழுதியவர், எடிட்டரின் இடப்பக்கப் பட்டியலில் தாளின் பெயருக்கு முன்னால் தெரியும் கோட்நேம் என்ற உள்பெயரைப் பயன்படுத்தியிருந்தார். பதிவேட்டின் உள்பெயர் ஷீட்2. பார்ப்பதற்கு இது நல்ல பழக்கமே, ஏனெனில் பயனர் தாளின் பெயரை மாற்றினாலும் உள்பெயர் மாறாது. ஆனால் உள்பெயருக்கு ஒரு குணம் உண்டு: அது எப்போதும் அந்த நிரல் குடியிருக்கும் கோப்பின் தாளையே குறிக்கும், திரையில் முன்னால் நிற்கும் கோப்பின் தாளை அல்ல. மாறாக, நுழைவுத் தாளிலிருந்து மதிப்புகளைப் படிக்கும் வரிகள் பயனர் செய்வதைப் பார்த்து நிரலாக எழுதித்தரும் மேக்ரோ ரெக்கார்டரால் பதிவுசெய்யப்பட்டவை. அவற்றில் எந்தத் தாள், எந்தக் கோப்பு என்ற குறிப்பே இல்லாமல் கட்டத்தின் முகவரி மட்டும் இருந்தது. அப்படிப்பட்ட வரி, இயங்கும் நேரத்தில் எந்தத் தாள் முன்னால் நிற்கிறதோ அதையே படிக்கும். ஒரே மேக்ரோவின் முதற்பாதி ஒரு கோப்பையும் பிற்பாதி இன்னொரு கோப்பையும் பார்ப்பதற்கான வாய்ப்பு இவ்வாறு ஆண்டுக்கணக்காக உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது. கோப்பு ஒன்றே ஒன்றாக இருந்தவரை அது வெளிப்படவில்லை.

ஏப்ரல் 1 அன்று நடந்தது

முந்தைய ஆண்டுகளில் கோப்பை உருவாக்கியவரே சேவ் ஆஸ் மூலம் புதிய பெயரில் சேமித்து, பதிவேட்டைக் காலிசெய்து, புதிய ஆண்டைத் தொடங்கிக் கொடுத்திருந்தார். அவர் வேலையை விட்டுப் போன பின் வந்த முதல் ஏப்ரலில், கணக்கர் தமக்குத் தெரிந்த பாதுகாப்பான வழியைக் கையாண்டார். பழைய கோப்பில் தவறுதலாக எதையும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக, மூன்று தாள்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, கீழே தாள் பெயரின்மேல் வலது கிளிக் செய்து, மூவ் ஆர் காப்பி கட்டளையில் புதிய கோப்பு என்பதையும் நகல் எடு என்பதையும் தேர்ந்தார். வந்து நின்ற புதிய கோப்பில் பதிவேட்டைக் காலிசெய்து, ஆண்டின் பெயரிட்டுச் சேமித்தார். அவருடைய எச்சரிக்கையைக் குறை சொல்ல இடமில்லை. மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்வது எந்த அலுவலகத்திலும் பாராட்டப்படும் பழக்கம்தான்.

ஆனால் மூவ் ஆர் காப்பி தாள்களை மட்டுமே கொண்டுபோகும். தாளில் வரையப்பட்ட வடிவங்கள் தாளோடு போகும். தாளின் சொந்த நிரல் பகுதியில் ஏதேனும் எழுதியிருந்தால் அதுவும் போகும். எந்தத் தாளையும் சேராத, மாடியூல்கள் எனப்படும் பொதுவான நிரல் பகுதிகளில் எழுதப்பட்ட மேக்ரோக்கள் போகா. இந்தக் கோப்பின் நான்கு மேக்ரோக்களும் ஒரு பொது மாடியூலில் இருந்தன. எனவே புதிய கோப்பில் நான்கு பொத்தான்கள் இருந்தன, ஒரு மேக்ரோகூட இல்லை. சேமிக்கும்போது எக்செல் இயல்பாகக் காட்டிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தையே கணக்கர் ஏற்றுக்கொண்டார். மேக்ரோ உள்ள கோப்பை அந்த வடிவத்தில் சேமிக்க முயன்றால் நிரல் போய்விடும் என்று எக்செல் எச்சரிக்கும். இங்கே போவதற்கு எதுவும் இல்லாததால் எச்சரிக்கையும் வரவில்லை.

பொத்தானுக்குள் இருப்பது என்ன

ஒரு வடிவத்தில் மேக்ரோவை இணைக்கும்போது, மேக்ரோ அந்த வடிவத்துக்குள் போவதில்லை. ஆன்ஆக்‌ஷன் என்ற பண்பில் மேக்ரோவின் பெயர் மட்டும் எழுத்துகளாகச் சேமிக்கப்படுகிறது. பொத்தான் வைத்திருப்பது ஒரு முகவரிச் சீட்டை மட்டுமே, வீட்டை அல்ல. 2007ஆம் ஆண்டு முதல் எக்செல் கோப்புகள் உண்மையில் ஜிப் பொதிகள் என்பதால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோப்பின் ஒரு நகலுக்கு ஜிப் என்று பெயரை மாற்றித் திறந்தால், வடிவங்களின் விவரங்கள் ட்ராயிங்ஸ் என்ற அடைவிலுள்ள எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும். மேக்ரோக்களோ விபிஏப்ராஜெக்ட் என்ற தனிக் கோப்பில் இருக்கும். இரண்டையும் பிணைப்பது பெயர் ஒன்றுதான். அந்தப் பெயருக்கு முன்னால் சதுர அடைப்பில் 0 என்ற எண் இருந்தால் இதே கோப்பு என்று பொருள். அதனால்தான் சேவ் ஆஸ் செய்தாலும், கோப்பின் பெயரை வெளியிலிருந்து மாற்றினாலும் பொத்தான்கள் பிழைத்துக்கொள்கின்றன. தாளை வேறு கோப்புக்கு நகலெடுக்கும்போது, மேக்ரோ இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறது என்பதை எக்செல் அறிந்திருப்பதால், பெயருக்கு முன்னால் பழைய கோப்பின் பெயரைச் சேர்த்துவிடுகிறது. தர்க்கப்படி இது சரியான நடத்தை. பயனரின் நோக்கத்துக்கு நேர் எதிரானது.

இந்த ஏற்பாட்டிலிருந்து வேறு பல தொல்லைகளும் பிறக்கின்றன. எடிட்டரில் மேக்ரோவின் பெயரைத் திருத்தினால் பொத்தானில் உள்ள பெயர் தானாகத் திருந்துவதில்லை. மேக்ரோவை அழித்தாலும் பொத்தான் எதுவும் நடக்காதது போலவே நிற்கும், அழுத்தும் வரை. அசைன் மேக்ரோ பட்டியலில் தங்கள் மேக்ரோ தெரியவில்லை என்று பலர் தேடுவதற்கும் காரணம் பெரும்பாலும் எளிதானதே. ப்ரைவேட் என்று குறிக்கப்பட்டவையும், உள்ளீட்டு மதிப்பு கேட்கும் வகையில் எழுதப்பட்டவையும், ஃபங்ஷன்களும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

இரண்டு கணினிகள், இரண்டு நோய்க்குறிகள்

கணக்கரின் கணினியில் பழைய கோப்பும் புதிய கோப்பும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. தணிக்கை முடியும் வரை பழைய ஆண்டின் விவரங்களை அடிக்கடி பார்க்க வேண்டியிருந்ததால் அது இயல்பானது. அவர் புதிய கோப்பின் நுழைவுத் தாளை நிரப்பி, ‘பதிவு செய்’ என்பதை அழுத்தினார். பொத்தான் பழைய கோப்பில் இருந்த மேக்ரோவை அழைத்தது. மேக்ரோவின் முதற்பாதி, முன்னால் நின்ற தாளாகிய புதிய கோப்பின் நுழைவுத் தாளைச் சரியாகப் படித்தது. பிற்பாதி, தன் சொந்தக் கோப்பின் ஷீட்2-இல், அதாவது பழைய ஆண்டின் பதிவேட்டில், அந்த வரியை எழுதியது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ‘அச்சிடு’, ‘துடை’, ‘இருப்பு’ ஆகிய மூன்றும் முன்னால் நிற்கும் கோப்பையே கையாளும் வகையில் எழுதப்பட்டிருந்ததால், பழைய கோப்பிலிருந்து இயங்கியபோதும் சரியாகவே வேலை செய்தன. சீட்டு அச்சாயிற்று, படிவம் துடைக்கப்பட்டது, அடுத்த லாரிக்குப் போனார்கள். நான்கில் மூன்று பொத்தான்கள் சரியாக நடந்துகொள்ளும்போது நான்காவதின்மேல் யாருக்கும் ஐயம் எழாது.

கிடங்குக் கணினிக்குப் புதிய கோப்பு மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. அங்கே பழைய கோப்பு இல்லை. ஆகவே அழுத்தியவுடன், குறிப்பிட்ட மேக்ரோவை இயக்க முடியவில்லை, அது இந்தக் கோப்பில் இல்லாமலிருக்கலாம் அல்லது எல்லா மேக்ரோக்களும் முடக்கப்பட்டிருக்கலாம் என்று எக்செல் தெரிவித்தது. இந்தச் செய்தி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்களை ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்கிறது என்பதே அதன் பெரிய குறை. படிப்பவர் தமக்குப் பழக்கமான காரணத்தைப் பிடித்துக்கொள்கிறார். இங்கே எல்லோரும் இரண்டாவது காரணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் 2022இல் கொண்டுவந்த பிறகு, மின்னஞ்சலில் வந்த கோப்பில் மேக்ரோ ஓடவில்லை என்றால் அதுவே காரணம் என்று நினைப்பது வழக்கமாகிவிட்டது. கோப்பின் ப்ராபர்ட்டீஸில் அன்பிளாக் குறியிட்டுப் பார்த்தார்கள். பிறகு எக்செல்லின் பாதுகாப்பு அமைப்புகள் உள்ள ட்ரஸ்ட் சென்டரில் எல்லா மேக்ரோக்களையும் கேள்வியின்றி அனுமதிக்கும் அமைப்பையே இயக்கிவிட்டார்கள். நிலைமை மாறவில்லை. எந்தப் பயனும் இல்லாத ஒரு மாற்றத்துக்காக, மின்னஞ்சல் வந்து போகும் ஒரு கணினியின் பாதுகாப்பு முழுவதும் திறந்துவிடப்பட்டது. பின்னர் ஆய்வில் முதல் வேலையாக அது மீட்டமைக்கப்பட்டது.

உண்மையில் இரண்டு தடயங்கள் அந்தத் திரையிலேயே இருந்தன. செய்திப் பெட்டி, இயக்க முடியாத மேக்ரோவின் பெயருக்கு முன்னால் கோப்பின் பெயரையும் காட்டியது; அது பழைய ஆண்டின் கோப்புப் பெயர். இரண்டு பெயர்களும் ஆண்டு எண்ணில் மட்டுமே வேறுபட்டதால் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த தடயம், வராத ஒன்று. மேக்ரோ உள்ள கோப்பை முதன்முறை திறந்தால் அனுமதி கேட்டு மஞ்சள் பட்டையோ தடுப்பைத் தெரிவிக்கும் சிவப்புப் பட்டையோ மேலே தோன்ற வேண்டும். பாதுகாப்பு அமைப்பை மாற்றுவதற்கு முன்னரும் இந்தக் கோப்பு மேக்ரோ தொடர்பான எந்தப் பட்டையையும் காட்டவில்லை. மேக்ரோ இருக்க வேண்டிய கோப்பு அனுமதியே கேட்காமல் திறந்தால், மேக்ரோ முடங்கியிருக்கிறது என்பதைவிட மேக்ரோவே உள்ளே இல்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம். கோப்பின் பெயர் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முடிவதைப் பார்த்தவுடன் அது உறுதியாயிற்று.

சத்தம் போட்ட கிடங்குக் கணினியில் ஒரு வரியும் தவறாகப் பதிவாகவில்லை. சேதம் முழுவதும், ஒழுங்காக இயங்குவதாக எல்லோரும் நம்பிய கணக்கரின் கணினியில் நேர்ந்தது. பிழைச் செய்தி வரும் இடத்திலிருந்தே ஆய்வைத் தொடங்குவது இயல்பு என்றாலும், அதே கோப்பு வேறொரு கணினியில் ஏன் பிழையின்றி ஓடுகிறது என்று கேட்டபோதுதான் இந்த நிகழ்வில் வழி திறந்தது. கணக்கரின் கணினியில் பழைய கோப்பைத் திறந்துவைத்தபடியே, புதிய கோப்பின் ‘பதிவு செய்’ வடிவத்தை வலது கிளிக் செய்து அசைன் மேக்ரோவைத் திறந்தபோது, மேலேயுள்ள பெட்டியில் மேக்ரோவின் பெயருக்கு முன் பழைய கோப்பின் பெயரும் ஆச்சரியக்குறியும் நின்றன. டேட்டா டேபில் எடிட் லிங்க்ஸ் பட்டியலிலும் பழைய கோப்பின் பெயர் இருந்தது. சூத்திரம் எதிலும் வெளிக்கோப்பு இல்லாதபோது இப்படி ஒரு பெயர் தென்பட்டால், பொத்தான்களையும் சோதிக்க வேண்டும்.

இணைப்பைச் சரிசெய்தல்

திருத்தத்தின் முதற்படி, புதிய கோப்பை மேக்ரோ ஏற்கும் எக்ஸ்எல்எஸ்எம் வடிவில் மீண்டும் சேமிப்பது. அடுத்து, ஆல்ட் விசையுடன் எஃப்11 அழுத்தி எடிட்டரைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் பழைய கோப்பின் மாடியூலைப் பிடித்து இழுத்துப் புதிய கோப்பின்மேல் விட்டால், அதன் நகல் அங்கே சேர்ந்துவிடும். இத்துடன் வேலை முடிந்ததாக நினைப்பது எளிது. மேக்ரோ இப்போது புதிய கோப்பில் இருந்தாலும், பொத்தான்கள் இன்னமும் பழைய முகவரியையே வைத்திருக்கும். பழைய கோப்பு அருகில் இருக்கும்வரை அதையே அழைக்கும். ஒவ்வொரு வடிவத்தையும் வலது கிளிக் செய்து, அசைன் மேக்ரோ பெட்டியின் கீழேயுள்ள தேர்வை ‘திஸ் வொர்க்புக்’ என்று மாற்றிய பிறகு பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வை மாற்றாமல் விட்டால், திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளின் மேக்ரோக்களும் ஒரே பட்டியலில் வரும். இரு கோப்புகளிலும் ஒரே பெயர்கள் இருக்கும்போது, பட்டியலில் பழைய கோப்பின் பெயரைத் தாங்கி நிற்பதையே மீண்டும் தேர்ந்துவிடும் ஆபத்து உண்டு. திருத்தும் நேரத்தில் பழைய கோப்பை மூடிவைப்பது இதற்கு எளிய மருந்து.

நான்கு பொத்தான்களைக் கையாலேயே மாற்றிவிடலாம். ஆனால் தாளில் தெரியாத வடிவங்களும் இருக்கக்கூடும். ஆல்ட் விசையுடன் எஃப்10 அழுத்தினால் வரும் செலக்‌ஷன் பேனில், தாளிலுள்ள எல்லாப் பொருள்களின் பெயர்களும் வரிசையாகத் தெரியும். இந்தக் கோப்பில் பதிவேட்டுத் தாளில் ஐந்தாவதாக ஒரு வடிவம் இருந்தது. வரிசைகளை வடிகட்டியபோது அது உயரமே இல்லாத கோடாக நசுங்கி, கண்ணில் படாமல் போயிருந்தது. கட்டங்களோடு சேர்ந்து நகரவும் அளவு மாறவும் வேண்டும் என்ற இயல்பான அமைப்பு வடிவங்களுக்கு இருப்பதால், வரிசைகள் மறையும்போது அவையும் மறைகின்றன. வடிகட்டும் தாளில் பொத்தான் வைப்பவர்கள், நகரவோ அளவு மாறவோ வேண்டாம் என்ற அமைப்பைத் தேர்ந்துகொள்வது நல்லது.

மேக்ரோவின் உட்பகுதியும் திருத்தப்பட்டது. நுழைவுத் தாளைப் படிக்கும் வரிகளும் அந்தத் தாளின் உள்பெயரைக் கொண்டு எழுதப்பட்டன. இனி பொத்தான் எந்தக் கோப்பின் மேக்ரோவை அழைத்தாலும், படிப்பதும் எழுதுவதும் ஒரே கோப்பிலேயே நிகழும். பழைய கோப்பைத் தவறுதலாக அழைத்தால், அங்குள்ள காலிப் படிவத்தைப் படித்து, விவரம் நிரப்பப்படவில்லை என்று நின்றுவிடும். காலியாக இருந்தால் நிறுத்தும் அந்தச் சோதனை முன்பு இல்லை, இப்போதுதான் சேர்க்கப்பட்டது. அதற்கு இன்னொரு பயனும் கிடைத்தது. ஃபார்ம் கன்ட்ரோல் பொத்தான் அழுத்தும்போது உள்ளே போய் வருவது போலத் தெரியும். வடிவத்தில் அப்படி எந்த அசைவும் இல்லை. அழுந்தியதா இல்லையா என்ற ஐயத்தில் ஊழியர்கள் இருமுறை அழுத்தி, ஒரே சீட்டு இரண்டு வரிகளாகப் பதிவானது முன்பும் நடந்திருந்தது. பதிவான உடனே படிவத்தைத் துடைத்துவிட்டால், இரண்டாவது அழுத்தம் காலிப் படிவத்தில் முட்டி நின்றுவிடுகிறது. மேக்ரோ செய்ததைக் கன்ட்ரோல்-இசட் அழுத்தித் திரும்பப் பெற முடியாது என்பதால் இத்தகைய தடுப்பு ஆடம்பரம் அல்ல.

மறுத்த யோசனைகள்

கணினி பழுது பார்ப்பவர், ஆக்டிவ்எக்ஸ் பொத்தான்களுக்கு மாறிவிடலாம் என்று யோசனை சொன்னார். அதில் ஒரு நியாயம் இருந்தது: ஆக்டிவ்எக்ஸ் பொத்தானின் நிரல் தாளின் சொந்தப் பகுதியில் இருப்பதால், தாளை நகலெடுத்தால் நிரலும் கூடவே போகும். எனினும் அந்த நிரல், பொது மாடியூலில் உள்ள எதையேனும் அழைத்தால் அங்கே மீண்டும் அறுந்துவிடும். மேலும் அந்தப் பொத்தான்களின் வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை. 2014 டிசம்பரில் வெளிவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு உலகெங்கும் பல கணினிகளில் ஆக்டிவ்எக்ஸ் பொத்தான்கள் செயலிழந்தன. தற்காலிகமாகச் சேமிக்கப்பட்டிருந்த இஎக்ஸ்டி கோப்புகளை அழித்த பிறகே அவை மீண்டன. மேக் கணினிகளில் அவை இயங்குவதில்லை. ஆஃபிஸ் 2024 முதல் ஆக்டிவ்எக்ஸ் இயல்பாகவே முடக்கப்பட்டு வருகிறது. புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போவதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

நிறுவனத்தின் உரிமையாளர், தம் கைப்பேசியிலிருந்தே பொத்தானை அழுத்திப் பதிவுசெய்ய முடியுமா என்று கேட்டார். கைப்பேசிச் செயலியிலும் உலாவியில் திறக்கும் எக்செல்லிலும் இவ்வகை மேக்ரோக்கள் இயங்கா. வடிவம் தெரியும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இருப்பைப் பார்ப்பதற்கு மட்டும் கைப்பேசி என்று முடிவாயிற்று.

அடுத்த ஏப்ரலுக்கான ஏற்பாடு

புதிய ஆண்டின் கோப்பை யார் உருவாக்கினாலும் இணைப்பு அறாமல் இருப்பதற்காக, திருத்திய கோப்பின் காலி வடிவம் எக்ஸ்எல்டிஎம் என்ற வார்ப்புருவாகச் சேமிக்கப்பட்டது. அதை இருமுறை கிளிக் செய்தால், மூலத்தைத் தொடாமல், மாடியூலும் பொத்தான்களும் தன்னகத்தே கொண்ட புதிய கோப்பு திறக்கும். கணக்கர் விரும்பிய பாதுகாப்பு இதில் முழுமையாகக் கிடைக்கிறது. அவர் கையாண்ட முறையைத் தடைசெய்வதைவிட, அவருடைய எச்சரிக்கைக்கு ஏற்ற வழியைக் கொடுப்பதே சரி என்று கருதப்பட்டது.

இத்துடன், கோப்பு திறக்கும்போதே ஓடும் ஒரு சிறிய சோதனையும் சேர்க்கப்பட்டது. அது ஒவ்வொரு தாளிலும் உள்ள ஒவ்வொரு வடிவத்தின் ஆன்ஆக்‌ஷன் பண்பையும் படித்து, அதில் ஆச்சரியக்குறிக்கு முன்னால் இந்தக் கோப்பைத் தவிர வேறு பெயர் இருந்தால், அந்த வடிவத்தைச் சிவப்பாக்கிவிடும். இதை எழுதும்போது, குழுவாகச் சேர்த்த வடிவங்கள் ஒரே பொருளாக எண்ணப்படுவதால் அவற்றின் உறுப்புகளைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும் என்பதையும், கட்டக் குறிப்புகளும் வடிவங்களின் கணக்கில் வருவதால் அவற்றை ஒதுக்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டியிருந்தது. எச்சரிக்கையைச் செய்திப் பெட்டியில் தமிழில் காட்ட முடியாது என்பதால், அதன் வாசகம் ஒரு மறைவான கட்டத்தில் எழுதிவைக்கப்பட்டு, தேவைப்படும்போது நுழைவுத் தாளின் மேலே வெளிப்படுகிறது. தாள்களை மட்டும் நகலெடுத்தால் இந்தச் சோதனையும் கூடப் போகாது என்பது இதன் எல்லை. அதனால் வார்ப்புருவே முதன்மை ஏற்பாடு.

தவறி விழுந்த பதிவுகள்

பழைய பதிவேட்டிலிருந்து ஏப்ரல் பதிவுகளைப் பிரித்தெடுப்பது, எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் கவனம் கேட்டது. பதிவேட்டில் சீட்டுத் தேதியும் பதிவுத் தேதியும் தனித்தனி நெடுவரிசைகளில் இருந்தன. பதிவுத் தேதியைக் கொண்டு வடிகட்டினால், மார்ச் மாதச் சீட்டுகளைத் தாமதமாக ஏப்ரலில் பதிவுசெய்த வரிகளும் சேர்ந்து வந்துவிடும். அவை பழைய ஆண்டுக்கே உரியவை. ஆகவே சீட்டுத் தேதி ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிற்பட்டதாக உள்ள வரிகள் மட்டும் புதிய பதிவேட்டுக்கு மாற்றப்பட்டன. மாற்றிய பின் பழைய ஆண்டின் இறுதி இருப்பு, தணிக்கையாளரிடம் கொடுத்த அச்சுப் பிரதியோடு ஒத்துவராமல் சிறிது விலகியது. அந்த வேறுபாடு, தாமதமாகச் சேர்ந்த மார்ச் சீட்டுகளின் எடைக்குச் சரியாகப் பொருந்தியதால், திருத்திய அறிக்கை கொடுக்கப்பட்டது.

மிஞ்சியது சீட்டு எண். ‘பதிவு செய்’ மேக்ரோ, பதிவேட்டின் கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டி அடுத்த எண்ணைத் தருவது வழக்கம். புதிய ஆண்டில் 1இலிருந்து தொடங்க வேண்டிய சீட்டுகள், பழைய ஆண்டின் வரிசையைத் தொடர்ந்து பெரிய எண்களோடு அச்சாகியிருந்தன. முதல் நாள் அச்சான சீட்டையே யாரேனும் உற்றுப் பார்த்திருந்தால் எல்லாம் அன்றே பிடிபட்டிருக்கும். அந்தச் சீட்டுகள் லாரிகளோடு பார்ட்டிகளின் கைக்குப் போய்விட்டதால் எண்களை மாற்ற வழியில்லை. பழைய வரிசை எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, குறிப்பு நெடுவரிசையில் அதற்கான காரணத்தை எழுதி, திருத்தத்துக்குப் பின் வந்த முதல் சீட்டுக்கு 1 என்று எண்ணிட்டுத் தொடர்ந்தார்கள். இந்த ஏற்பாட்டைத் தணிக்கையாளர் ஏற்றுக்கொண்டார்.